யார் கையில் போன்? அலங்காநல்லூர் வட்டாரப் பதின்பருவத்தினரும் இணையவழி நலவாழ்வுக் கல்வியும்

1. மூன்று தேதிகள்

2017 பிப்ரவரி மாதத்தின் மூன்று தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். 6ஆம் தேதி, 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளை வரை அனைவருக்கும் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போடும் முகாம் தமிழகமெங்கும் தொடங்கியது. 10ஆம் தேதி மதுரையை அடுத்த அலங்காநல்லூரின் வாடிவாசல் திறந்து காளைகள் பாய்ந்தன. 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்கு விதித்த தடைக்குப் பிறகு மூன்று பொங்கல்களாக மூடிக் கிடந்த வாசல் அது. 20ஆம் தேதி, வளரிளம் பருவத்தினருக்கான ‘சாத்தியா’ என்னும் தொகுப்பையும் அதனோடு ஒரு கைபேசிச் செயலியையும் மத்திய நலவாழ்வு அமைச்சகம் வெளியிட்டது.

மூன்றிலும் போன் இருக்கிறது. ஜனவரி 16 அன்று ஜல்லிக்கட்டு நடத்தக் கோரி அலங்காநல்லூரில் கூடி உட்கார்ந்தவர்களை மறுநாள் காலை போலீசார் பிடித்துச் சென்ற செய்தி வாட்ஸப்பிலும் முகநூலிலும் பரவியது. அந்த வேகத்தில்தான் சென்னை மெரினா கடற்கரை போராட்டக்காரர்களால் நிரம்பியது. அதே வாட்ஸப்பில் சில வாரங்களுக்குள், ‘பள்ளியில் போடும் ஊசியைப் பிள்ளைக்குப் போட விடாதீர்கள்’ என்ற செய்திகள் சுற்றின. பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாம் மார்ச்சுக்கு நீண்டது. மூன்றாவதான செயலி, இந்தச் சத்தத்துக்கு நடுவே அதே போனுக்குள் ஓர் இடம் கேட்டு வந்தது.

பதின்பருவத்தினர் கையில் போனும் இணையமும் இருந்தால் அவர்கள் உடல்நலம் மேம்படுமா என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் இரண்டு. ஒன்று அரசுத் திட்டங்களிலும் நிறுவன அறிக்கைகளிலும் காண்பது: இணைப்பு கிடைத்தால் தகவல் கிடைக்கும், தகவல் கிடைத்தால் நடத்தை மாறும். இன்னொன்று ஆசிரியர் அறையிலும் பெற்றோர் கூட்டத்திலும் கேட்பது: போன்தான் பிள்ளைகளின் தூக்கத்தையும் படிப்பையும் கெடுக்கிறது, பிடுங்கி வைத்தால் எல்லாம் சரியாகும். இரண்டு பதிலும் போனை முன்னால் வைத்து ஆளைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. அந்தப் போன் யாருடையது, யார் கண் முன்னால் அதைத் தொட முடியும், தொட்ட பிறகு பதில் சொல்ல எதிர்முனையில் யார் இருக்கிறார் என்ற மூன்றையும் விட்டுவிட்டு இக்கேள்விக்கு விடை காண முடியாது. மதுரைச் சமவெளியின் கடந்த கால் நூற்றாண்டு அனுபவமே இதற்குச் சான்று.

2. ‘வசதி’ எதை அளக்கிறது?

முதலில் எண்களைப் பார்க்கலாம். 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, ‘எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியதுண்டா’ என்று கேட்டது. தமிழகத்தில் ஆண்களில் 70.2 விழுக்காட்டினரும் பெண்களில் 46.9 விழுக்காட்டினரும் ஆம் என்றனர். நாடு முழுவதற்குமான அளவு முறையே 57.1, 33.3. நாட்டுச் சராசரியைவிட நாம் மேலே இருக்கிறோம். ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான தூரம் இங்கும் ஏறக்குறைய அங்குள்ள அளவுதான்.

பதின்பருவத்தினரைத் தனியே பார்க்க, 2023இன் ‘அசர்’ (ஆண்டுக் கல்வி நிலை அறிக்கை) ஆய்வு உதவுகிறது. 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில், ஊரகப் பகுதியைச் சேர்ந்த 14–18 வயதினர் 34,745 பேரிடம் அது நடத்தப்பட்டது. பத்தில் ஒன்பது பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஏறத்தாழ அதே அளவினருக்கு அதைக் கையாளவும் தெரிந்திருந்தது. இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் ‘வசதி’ முழுமையடைந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் கையாளத் தெரிந்தவர்களில் சொந்தமாகப் போன் வைத்திருந்தவர்கள் ஆண்பிள்ளைகளில் 43.7 விழுக்காடு, பெண்பிள்ளைகளில் 19.8 விழுக்காடு. அதாவது, பயன்படுத்தத் தெரிந்த ஐந்து பெண்பிள்ளைகளில் நான்கு பேர் இன்னொருவர் போனில்தான் இணையத்தைப் பார்க்கிறார்கள்.

ஒரே ‘ஆம்’ என்ற பதிலுக்குள் இரண்டு வேறு வாழ்க்கைகள் அடங்கியிருப்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. சொந்தப் போனில் இரவு பதினொரு மணிக்குத் தேடுகிற பையனும், அம்மா சமையலில் இருக்கும்போது பத்து நிமிடம் போனை வாங்கிப் பார்க்கிற பெண்ணும் கணக்கெடுப்பில் சமம். உடல்நலம் பற்றிய கேள்வியில் அவர்கள் சமமல்லர்.

3. மேலூரின் முன்கதை

மதுரை வட்டாரத்தில் இணையம் ஸ்மார்ட்போனோடு வந்ததல்ல. 2001இன் இறுதியில், அலங்காநல்லூரைப் போலவே பெரியாறு பாசனத்தை நம்பிய மேலூர் வட்டத்தில், ‘சாரி’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஊரக இணையத் திட்டம் தொடங்கியது. சென்னை ஐஐடியும் அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்டு பல்கலைக்கழகங்களும் அதில் பங்கெடுத்தன. ஐஐடியில் உருவான கம்பியில்லாத் தொழில்நுட்பத்தின் வழியாகக் கிராமங்களில் கணினிக் கியோஸ்க்குகள் திறக்கப்பட்டன. அங்கே சான்றிதழுக்கு மனுப் போடலாம், மின்னஞ்சல் அனுப்பலாம், கணினி கற்கலாம். கணினிக் கேமராவில் கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனையும் பெறலாம். இன்று ‘டிஜிட்டல் சுகாதாரம்’ என்று நாம் சொல்வதன் ஆரம்ப வடிவங்களில் ஒன்று இந்த வயல்வெளியில்தான் நடந்தது.

இத்திட்டத்தை ஆராய்ந்த ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்டும் கண்டது, ஓராண்டுக்கு மேல் இயங்கிய பின்னும் கிராமத்து வீடுகளில் சிறு பங்கினரே கியோஸ்க்குக்கு வந்தார்கள் என்பதை. வந்தவர்களில் பெரும்பாலோர் இளவயதினர், ஆண்கள், படிக்கிற மாணவர்கள், ஓரளவு வசதியும் சமூக மேல்நிலையும் கொண்ட குடும்பத்தினர். ஊரில் ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வை இந்த மையங்கள் அப்படியே நீட்டிக்கக்கூடும் என்று அவர்கள் எச்சரித்தார்கள்.

அதே ஆய்வு ஒரு விதிவிலக்கையும் பதிவுசெய்தது. பின்தள்ளப்பட்ட சமூகத்தினர் குடியிருக்கும் பகுதிக்குப் பக்கத்தில் மையம் அமைந்த இடங்களிலும், அவர்களுக்குள்ளிருந்தே ஆர்வத்தோடு முன்னின்று அழைத்துவந்த ஒருவர் இருந்த இடங்களிலும் வருகை கூடியது. ஊர்த்தெருவில் கியோஸ்க் இருந்தால் காலனிப் பிள்ளை அதன் படியேறத் தயங்கும் என்பது நம் ஊர்களை அறிந்தவர்களுக்கு ஆய்வில்லாமலே தெரியும். ஆனால் அந்தத் தயக்கத்தை இரண்டு எளிய காரணிகள் உடைத்தன என்பது புதிய செய்தி. ஒன்று பக்கத்தில் இருப்பது, இன்னொன்று தெரிந்த முகம். கியோஸ்க்கின் இடத்தில் போன் வந்துவிட்டதால் இடப்பிரச்சினை தீர்ந்தது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அந்தப் பிரச்சினை வீட்டுக்குள் குடிபுகுந்திருக்கிறது.

4. ஒரே வலை, இரண்டு செய்தி

மறுபடி 2017க்கு வருவோம். தட்டம்மை–ரூபெல்லா முகாமுக்கு வந்த எதிர்ப்பைப் படிக்காதவர்களின் அறியாமை என்று விளக்குவது எளிது. உண்மையில் போன் வைத்திருந்தவர்களிடம்தான், அதிலும் தனியார் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய நகர்ப்புறப் பெற்றோரிடம்தான் தயக்கம் அதிகம் பேசப்பட்டது. இணைப்பு குறைந்தவர்கள் ஊசி போட்டுக்கொண்டார்கள், மிகுந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள் என்று முழுமையாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் தகவல் வசதி கூடினால் நல்ல நடத்தை கூடும் என்ற சமன்பாட்டை அந்த மாதம் கேள்விக்குள்ளாக்கியது.

இங்கே ஒரு விளக்கத்தை முன்வைக்கலாம். ஜனவரிப் போராட்டம் தன் வெற்றியோடு ஒரு பேச்சு முறையையும் விட்டுச்சென்றது. நம் மாடு, நம் மரபு, அதை அழிக்க வரும் அந்நிய நிறுவனம் என்பது அந்தப் பேச்சின் சட்டகம். நாட்டு மாட்டைக் காக்க எழுந்த நியாயமான உணர்வோடு, வெளியிலிருந்து வரும் எதையும் சதியாகப் பார்க்கும் பழக்கமும் அதே குழுக்களில் சுற்றியது. ஊசி பற்றிய வதந்தி அந்தச் சட்டகத்தில் எளிதாகப் பொருந்தியது. அந்நிய நிறுவனம், நம் பிள்ளைகள், மறைக்கப்பட்ட நோக்கம் என்று சொற்கள் மட்டும் மாறின. போராட்டத்தில் நின்றவர்கள்தான் வதந்தியைப் பரப்பினார்கள் என்பது என் வாதமன்று. செய்தியை நம்பவைத்தது அதன் உள்ளடக்கத்தைவிட, அதை அனுப்பியவர் தெரிந்தவர் என்பதே. சித்தப்பா அனுப்பியது, கூடப் படித்தவன் அனுப்பியது, ஊர்க் குழுவில் வந்தது.

ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவர்களில் 13, 14, 15 வயதினரும் இருந்தார்கள். முகாம் அவர்களைக் கை நீட்டுபவர்களாகவும், வதந்தி அவர்களைக் காப்பாற்றப்பட வேண்டியவர்களாகவும் பார்த்தது. ரூபெல்லா கர்ப்ப காலத்தில் தாக்கினால் கருவிலுள்ள குழந்தைக்குக் கண், காது, இதயக் குறைபாடுகள் வரலாம் என்பதால்தான் இந்த ஊசி பிற்காலத்தில் தாயாகப் போகும் ஒரு பெண்ணுக்கு முக்கியம். இதை அந்தப் பெண்ணிடமே சொல்லும் செய்தி, வதந்தியளவு வேகத்தில் அவள் வீட்டுப் போனுக்குப் போய்ச் சேரவில்லை.

5. வீட்டுப் போனும் நீல மாத்திரையும்

ஒரு சிறிய பொருளை அருகில் வைத்துப் பார்த்தால் சிக்கல் தெளிவாகும். வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒன்றாகத் தரப்படும் நீல நிற மாத்திரை அது. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்டது. பத்தாண்டுகளுக்கு மேலாக அரசுப் பள்ளிகளில் கொடுக்கப்படுகிறது. இருந்தும், 2019–21 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. தமிழகத்தில் 15–49 வயதுப் பெண்களில் அந்த அளவு 53.4 விழுக்காடு.

மாத்திரை போட்ட மறுநாள் மலம் கறுப்பாகப் போகலாம். வயிறு பிரட்டலாம். இரும்புச்சத்து மாத்திரையில் இது வழக்கம்தான், பயப்படத் தேவையில்லை. வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்ட பின் போட்டால் பிரட்டல் குறையும். உடனே டீ, காபி குடித்தால் இரும்பு உடம்பில் சேர்வது குறையும். மொத்தம் ஐந்து வாக்கியம். இதைச் சொல்ல ஆள் இல்லாதபோது மாத்திரை பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே போகிறது. சுவரொட்டி சொல்வது ‘தவறாமல் உட்கொள்வீர்’ என்பதை மட்டும். பிள்ளையின் மனத்தில் இருப்பது ‘கறுப்பா போகுதே, ஏன்?’ என்ற கேள்வி. சுவரொட்டி பேசும், கேட்காது. போன் இரண்டையும் செய்ய வல்லது. அதன் உண்மையான சிறப்பு அதுவே.

ஆனால் எந்தப் போன்? மதுரைப் பக்கத்து நடுத்தர, எளிய வீடொன்றை நினைத்துக்கொள்வோம். டிவிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கும் ஒரு போன், அதன் பூட்டைத் திறக்கும் கோடு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 2020–21இல் பள்ளிகள் மூடியிருந்தபோது பாடத்துக்காக அது பிள்ளைகள் கைக்கு வந்தது, பள்ளி திறந்தபின் மறுபடி ‘அப்பா போன்’ ஆகிவிட்டது. வெள்ளைப்படுவது பற்றியோ மாதவிடாய் தள்ளிப்போவது பற்றியோ ஒரு பெண் அதில் தேடினால், தேடிய சொல்லை அழித்துவிட்டாலும் கதை முடிவதில்லை. மறுநாள் அப்பா யூடியூபைத் திறக்கும்போது அதே பொருளில் நான்கு வீடியோக்கள் முதல் வரிசையில் வந்து நிற்கும். பரிந்துரைப் பட்டியல் என்பது வீட்டுப் போனில் ஒரு கோள்மூட்டி. தட்டச்சு வராதவர்களுக்குக் குரல்வழித் தேடல் வரம் என்பார்கள். ஒரே கூடத்தில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் அந்த வரத்தால் என்ன பயன்?

இதன் பின்னால் இன்னொரு அச்சமும் உண்டு. பெண்பிள்ளை கையில் போன் என்றால் காதல், காதல் என்றால் சாதி, சாதி என்றால் குடும்ப மானம் என்று ஓடும் சங்கிலி அது. தென்மாவட்டங்களில் அதற்கு ரத்தக் கறை படிந்த வரலாறு இருக்கிறது. போனைக் கண்காணிப்பதை வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாதபடி, அதைச் செய்யும் தாய்மார்களில் பலர் மகளைக் காப்பாற்றுவதாக உண்மையிலேயே நம்புகிறார்கள். நலவாழ்வுத் திட்டம் வகுப்பவர் இந்தத் தாயை எதிரியாக நினைத்தால் தோற்பார், மறந்தாலும் தோற்பார்.

6. சொந்தப் போன் உள்ள பையன்

அப்படியானால் தனிப் போன் உள்ள பையனுக்குப் பிரச்சினை தீர்ந்ததா? அவன் என்ன தேடுகிறான் என்பதைத் தமிழ்நாட்டின் பழைய விளம்பரப் பண்பாடு முன்பே முடிவுசெய்து வைத்திருக்கிறது. வாரப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில், லாட்ஜ் அறைகளில் மாதம் ஒருநாள் முகாம் போடும் வைத்தியர்களின் நோட்டீசில், பின்னர் நள்ளிரவுத் தொலைக்காட்சியில் பல்லாண்டுகளாக ஒரே பயம் விற்கப்பட்டது: இளமையில் செய்த ‘தவறு’, அதனால் நரம்புத் தளர்ச்சி, அதனால் இல்லற வாழ்வில் தோல்வி. தூக்கத்தில் விந்து வெளியேறுவது வளரும் பருவத்தின் இயல்பு என்ற ஒற்றை வாக்கியம் அந்த வியாபாரத்தையே கவிழ்த்துவிடும் என்பதால் அந்த வாக்கியம் மட்டும் அங்கே சொல்லப்படவில்லை.

லாட்ஜுக்குப் போக வெட்கமும் பணமும் தடையாக இருந்தன. போன் இரண்டையும் நீக்கிவிட்டது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அவன் தேடும்போது முன்னால் வருவது மிகச் சரியான விடையாக இருக்க வேண்டியதில்லை. அதிகம் பார்க்கப்பட்டதும், பயத்தைத் தலைப்பிலேயே வைத்திருப்பதும் முந்திக்கொள்கின்றன. பெண்ணுக்குத் தனிமை இல்லை. பையனுக்குத் தனிமை இருக்கிறது, ஆனால் நம்பிக் கேட்க ஆள் இல்லை.

இது நமக்கு மட்டும் உரியதல்ல. கானா நாட்டின் அக்ரா நகரில் 15–18 வயதினரிடம் நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. இணைய மையங்களுக்குச் சென்ற பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் அங்கே உடல்நலத் தகவல் தேடியிருந்தார்கள். பள்ளி செல்லாதவர்களும் அவர்களில் அடக்கம். பதின்பருவத்தினர் உடல்நலத்தில் அக்கறையற்றவர்கள் என்பது பெரியவர்களின் கற்பனை. அவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள், நம்மிடம் கேட்பதில்லை.

7. செயலி, உதவி எண், சட்டம்

அரசின் பக்கத்தில் முயற்சி குறைவில்லை. 10–19 வயதினருக்கான தேசிய வளரிளம் பருவ நலத்திட்டம் 2014 ஜனவரி 7இல் தொடங்கியது. ‘சாத்தியா’ செயலி அதன் பகுதிதான். தமிழகத்தில் 104 உதவி எண் உண்டு. 2021இல் நீட் தேர்வையொட்டி மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட துயரத்துக்குப் பின் அதன் வழியே மாணவர்களுக்கு மனநல ஆலோசனை வழங்கப்பட்டது. 2022 அக்டோபர் 10 முதல் ‘டெலி-மானஸ்’ சேவை 14416 என்ற எண்ணில் இயங்குகிறது. ஊரக வளரிளம் பெண்களுக்குக் கட்டணமின்றி நாப்கின் தரும் ‘புதுயுகம்’ திட்டத்தையும் சேர்த்தால் பட்டியல் நீளும்.

இவற்றில் செயலியைவிட உதவி எண் எளிய வீட்டுக்கு ஏற்றது. அதற்கு ஸ்மார்ட்போனோ தரவிறக்கமோ வேண்டாம். இருந்தும் பேசக் குரல் வேண்டும், குரல் வெளியே கேட்கும். வெறும் செய்தி அனுப்புவதன் எல்லைக்கும் சான்று இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் தாய்மாருக்கும் குரல் செய்தி அனுப்பும் ‘கில்காரி’ திட்டம் மத்தியப் பிரதேசத்தில் முறையாகச் சோதிக்கப்பட்டு 2022இல் முடிவு வெளியானது. தாய்ப்பாலூட்டலில் வேறுபாடு காணப்படவில்லை. தற்காலிகக் கருத்தடை முறைகளின் பயன்பாட்டில் சிறிய உயர்வு மட்டும் தென்பட்டது. பயனே இல்லை என்று இதற்குப் பொருளில்லை, ஒருவழிச் செய்திக்கு எதிர்பார்க்கத்தக்க பலன் இவ்வளவுதான் என்பதே பொருள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இத்தகைய செய்திகளை நிபந்தனையோடுதான் பரிந்துரைத்தது. அந்தரங்கமான பொருள், தரவுப் பாதுகாப்பு ஆகியவை கவனிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

சட்டத்தில் ஒரு முரண் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எவரையும் குழந்தையாகக் கொள்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்கும், குறிவைத்து விளம்பரம் செய்வதற்கும் தடை. மருத்துவ நிறுவனங்களுக்கு விதிகளில் சில விலக்குகள் உண்டு. விளம்பரத் தடை வரவேற்கத்தக்கது, பயத்தை விற்பவரின் கையை அது கட்டக்கூடும். ஆனால் 17 வயதுப் பெண் தன் உடலைப் பற்றிய ஒரு கேள்வியை நம்பகமான செயலியில் கேட்க அப்பாவின் ஒப்புதல் வேண்டுமென்றால், அவள் ஒப்புதல் கேட்காத இடத்துக்கே போவாள். அங்கே விடை சொல்பவர் யாரென்று சட்டத்துக்கும் தெரியாது.

8. திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள்

மேலூர்க் கியோஸ்க்குகள் பல நிலைக்கவில்லை. அவற்றோடு கைகோத்த அரவிந்த் மருத்துவமனை 2004 முதல் சிற்றூர்களில் தானே பார்வை மையங்களைத் தொடங்கியது. தேனிப் பகுதி மையங்களைத் தொலைதூர வைஃபை மூலம் இணைக்க பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உதவினார்கள். இந்த மையங்களின் அமைப்பு எளிது. ஊர்ப்பக்கத்திலிருந்தே வந்து பயிற்சி பெற்ற ஒரு பெண் பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார், திரை வழியே மருத்துவர் பேசுவார், கண்ணாடி தேவையென்றால் அங்கேயே ஏற்பாடாகும். கியோஸ்க்கில் இணையம் நடுவில் இருந்தது. இங்கே ஆள் நடுவில் இருக்கிறார், இணையம் அவருக்குப் பின்னால் நிற்கிறது.

பதின்பருவ நலவாழ்வுக்கு இதே வடிவத்தைப் பொருத்திப் பார்க்கலாம். அலங்காநல்லூர் ஒன்றியத்தில் அந்த ஆள் புதிதாக வர வேண்டியதில்லை. கிராம சுகாதார செவிலியரை ஊரில் ‘நர்சம்மா’ என்றால் யாருக்கும் தெரியும். அங்கன்வாடியில் ‘டீச்சர்’ இருக்கிறார். இவர்களிடமும் ஒரு சிக்கல் உண்டு. நர்சம்மாவுக்கு அம்மாவையும் தெரியும் என்பதாலேயே மகள் அவரிடம் கேட்கத் தயங்குவாள். தெரிந்த முகம் நம்பிக்கை தரும், அதே முகம் ரகசியத்துக்கு ஆபத்தாகவும் தோன்றும். தொலைவிலிருந்து பேசும் போனின் இடம் இங்கேதான். முதல் கேள்வியைப் பெயர் சொல்லாமல் தூரத்தில் உள்ள ஒருவரிடம் கேட்கவும், சிகிச்சை தேவையானால் பக்கத்தில் உள்ள ஒருவரிடம் போகவும் இரண்டையும் இணைக்கும் பாலம் வேண்டும்.

இதற்குப் பெரிய தளம் எதுவும் தேவையில்லை. மாத்திரை தரும் நாளில் வகுப்பில் ஒரு பெட்டி வைக்கலாம். பெயரில்லாத சீட்டில் கேள்வி எழுதிப் போடலாம். ஆசிரியரிடமிருந்து அது போனில் வட்டார மருத்துவ அலுவலருக்குப் போகும், அடுத்த வாரம் விடை மொத்த வகுப்புக்கும் வாசிக்கப்படும். யார் கேட்டது என்று தெரியாது, எல்லோருக்கும் விடை கிடைக்கும். போன் இல்லாத பெண்ணும், போனில் தவறான இடத்தில் தேடிய பையனும் ஒரே அறையில் அதைக் கேட்பார்கள். இத்தகைய ஏற்பாட்டில் இணையம் மாணவர் கையில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

9. எதை அளப்பது?

1986ஆம் ஆண்டின் ஒட்டாவா சாசனம் நலவாழ்வு மேம்பாட்டை, மக்கள் தம் உடல்நலத்தின் மீது தாமே கூடுதல் கட்டுப்பாடு பெறச் செய்யும் செயல்முறை என்று வரையறுத்தது. அந்த வரையறையில் தகவல் ஒரு கருவி, கட்டுப்பாடுதான் இலக்கு. நம் அறிக்கைகள் தரவிறக்கங்களையும் அனுப்பிய செய்திகளையும் இணைப்புகளையும் எண்ணுகின்றன. அவை அனைத்தும் கருவியின் கணக்கு.

2017இன் அந்த வாரங்கள் காட்டியது, தெரிந்தவர் வழியாக வந்த செய்தி ஒரு தடையை நீக்கவும் வல்லது, ஒரு தடுப்பூசியைத் தடுக்கவும் வல்லது என்பதை. எனவே அளக்க வேண்டியது வேறு. ஓராண்டில் ஒரு பள்ளியின் பிள்ளைகள் தங்கள் உடலைப் பற்றி எத்தனை கேள்விகள் கேட்டார்கள், அவற்றில் எத்தனைக்கு ஒரு வாரத்துக்குள் சரியான விடை கிடைத்தது என்று எண்ணலாம். அந்தப் பட்டியலில் ‘மாத்திரை போட்டா ஏன் கறுப்பா போகுது’ என்ற கேள்வி ஒருமுறைகூட வராவிட்டால், மாத்திரைகள் எங்கே போகின்றன என்று ஜன்னலுக்கு வெளியே போய்ப் பார்ப்பது நல்லது.